டெல்ஃபி 7 பில்லிங் மென்பொருள்: புதிய பதிப்புக்கு மாற்றுவதா, இப்படியே ஓட்டுவதா?

கல்லாப்பெட்டி கேட்டது:

வணக்கம். மொத்த விலைக் கடைகளுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறேன். டெல்ஃபி 7 எண்டர்பிரைஸ் (பாஸ்கல் மொழியில் விண்டோஸ் மென்பொருள் எழுதும் கருவி), பாரடாக்ஸ் டேபிள்கள் (தனித்தனிக் கோப்புகளாக இருக்கும் பழைய டேட்டாபேஸ்), இரண்டையும் இணைக்க இடையில் பி.டி.இ. (போர்லாண்ட் டேட்டாபேஸ் எஞ்சின்). சுமார் 1,40,000 வரி கோடு (நிரல்), 62 ஃபார்ம் (திரை). ரிப்போர்ட் முழுக்க குவிக்ரிப்போர்ட் என்ற அச்சுக் கருவியில். நாற்பது கடைகளில் ஓடுகிறது. பெரிய கடைகளில் 6 முதல் 8 மெஷின் வரை நெட்வொர்க்கில் இருக்கும். சரக்குப் பெயர், வாடிக்கையாளர் பெயர் எல்லாம் பாமினி எழுத்துருவில் தமிழ்.

இப்போது நான்கு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய கடைகள் இ-இன்வாய்ஸை (ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவாகும் மின் பில்) மென்பொருளிலிருந்தே நேரடியாக அனுப்பக் கேட்கிறார்கள். டெல்ஃபி 7-ல் இருக்கும் இண்டி 9 என்ற இணைய லைப்ரரியை வைத்துப் பாதுகாப்பான இணைப்பே கிடைக்கவில்லை.

இரண்டு, புது மெஷின் மாற்றிய கடைகளில் அடிக்கடி டேபிளின் இண்டெக்ஸ் (தேடல் அட்டவணை) கெடுகிறது. டிஸ்க்கில் 300 ஜி.பி.க்கு மேல் காலியாக இருக்கும்போதே சில நாள் 'டிஸ்க்கில் இடமில்லை' என்று பிழை வருகிறது.

மூன்று, பில்லை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பினால் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகப் போகின்றன.

நான்கு, புது லேப்டாப் திரையில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது.

டெல்ஃபியின் புதிய பதிப்பை வாங்கி இதே கோடை அதில் ஏற்றுவதா? கூட்டாளி மொத்தத்தையும் சி ஷார்ப்பில் புதிதாக எழுதலாம் என்கிறார். அல்லது இப்படியே இன்னும் மூன்று வருடம் ஓட்டிவிட முடியுமா? நாங்கள் இரண்டு பேர்தான். கடைகளை ஒரு நாள்கூட நிறுத்த முடியாது.

---

அரைப்புள்ளி பதில்:

கருவிக்கு வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். டெல்ஃபி 7 வந்தது 2002-ல். அதில் கம்பைல் செய்த 32-பிட் மென்பொருள் விண்டோஸ் 11-லும் ஓடுகிறது. உங்கள் நான்கு பிரச்சினைகளில் எது உண்மையில் கம்பைலரால் (கோடை மென்பொருளாக மாற்றும் நிரலால்) வருகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

இ-இன்வாய்ஸ் கம்பைலர் பிரச்சினையே இல்லை. இண்டியை விட்டுவிடுங்கள். விண்டோஸிலேயே இருக்கும், இணையத்தோடு பேசும் வின்எச்டிடிபி 5.1 ஆப்ஜெக்டை 'கிரியேட்ஓலேஆப்ஜெக்ட்' மூலம் டெல்ஃபி 7-லிருந்தே கூப்பிடலாம். ஓப்பன், செட்ரெக்வெஸ்ட்ஹெடர், சென்ட் என்று நாலே வரி. டி.எல்.எஸ். 1.2 என்ற பாதுகாப்பு நெறிமுறையை விண்டோஸ் 10-ம் 11-ம் தாமாகவே பேசும். கடையில் விண்டோஸ் 7 இருந்தால் கேபி3140245 அப்டேட் போட்டுவிட்டு, ஆப்ஜெக்டின் ஆப்ஷன் 9-க்கு 2048 என்று மதிப்புக் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: ரெஸ்பான்ஸ்டெக்ஸ்ட்டை வைட்ஸ்ட்ரிங் வேரியபிளில் வாங்குங்கள். சாதா ஸ்ட்ரிங்கில் வாங்கினால் பதிலில் உள்ள தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். குறியாக்க (என்கிரிப்ஷன்) வேலை பயமாக இருந்தால், பில் விவரத்தை வெறும் ஜேசான் வடிவில் வாங்கிக்கொண்டு மீதியைத் தங்கள் பக்கமே முடித்துத் தரும் ஜி.எஸ்.டி. இடைச்சேவைகள் உண்டு. அந்த வழியில் இரண்டு பேர் இரண்டு வாரத்தில் முடிக்கலாம்.

இரண்டாவது பி.டி.இ.யின் கோளாறு. அதைப் பற்றி டேட்டாபேஸ் ஆட்கள் சொல்வார்கள். நான்காவதில் கம்பைலருக்குப் பாதிப் பங்கு. மூன்றாவதுதான் நேராக டெல்ஃபி 7-ஐத் தொடுகிறது, ஏனென்றால் அதன் வி.சி.எல். (திரைக் காம்பொனென்ட்களின் லைப்ரரி) யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடு) அறியாதது. 2009 பதிப்பில்தான் ஸ்ட்ரிங் யூனிகோடு ஆனது.

புதிதாக எழுதும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். 62 ஃபார்மைத் திரும்ப வரைவது சுலபம். ரவுண்ட் ஆஃப் எந்த வரியில் விழுகிறது, ரிட்டர்ன் பில்லில் ஸ்கீம் தள்ளுபடி எப்படிக் கழிகிறது, பழைய வருடப் பாக்கி எப்படி ஏறுகிறது என்பதெல்லாம் அந்த 1,40,000 வரிக்குள்தான் இருக்கிறது. வேறு எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டீர்கள். எழுதி முடிக்கும் வரை இரண்டு மென்பொருளையும் இரண்டு பேர் சுமக்க வேண்டும்.

எந்த முடிவுக்கும் முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். புதிய விர்ச்சுவல் மெஷினில் டெல்ஃபி 7-ஐ இன்ஸ்டால் செய்து, உங்கள் சோர்ஸை மட்டும் காப்பி செய்து, டி.சி.சி.32 கமாண்டால் கம்பைல் செய்து பாருங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடாமல் சி டிரைவில் தனி ஃபோல்டரில் போடுங்கள், இல்லாவிட்டால் அனுமதித் தொல்லை வரும். எஃப்1 ஹெல்ப் வேலை செய்யாது, ஏனென்றால் விண்டோஸ் 10-லிருந்து பழைய வின்ஹெல்ப் இல்லை. மற்றபடி ஐ.டி.இ. (கோடு எழுதும் திரை) ஓடும்.

முதல் தடவை கம்பைல் ஆகாது. லைப்ரரி பாத் உங்கள் பழைய மெஷினின் ரெஜிஸ்ட்ரியில் மட்டும் இருக்கும், ப்ராஜெக்டோடு வராது. ஏதாவது ஒரு காம்பொனென்ட்டின் (தயாராகக் கிடைக்கும் துணைப் பகுதியின்) டி.சி.யூ. (கம்பைல் ஆன கோப்பு) எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்த நிலையில் பதிப்பு மாற்றினால், புது கம்பைலர் சொல்லும் பிழை எது, ஏற்கெனவே உங்களிடம் இருந்த ஓட்டை எது என்று பிரிக்கவே முடியாது. சுத்தமான மெஷினில் கம்பைல் ஆகும் வரை தோண்டுங்கள். பிறகு முழுவதையும் கிட் என்ற பதிப்புக் காப்புக் கருவியில் ஏற்றுங்கள், காம்பொனென்ட் சோர்ஸ் உட்பட.

அப்படியே எல்லா யூனிட்டின் (கோடு கோப்பின்) யூசஸ் வரியையும் (அது பயன்படுத்தும் பிற யூனிட்களின் பட்டியல்) எடுத்து, டெல்ஃபியோடு வராத யூனிட்களைத் தனியே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் சோர்ஸ் இருக்கிறதா, புதிய பதிப்புக்கு வெளியீடு உண்டா, எத்தனை ஃபார்மில் பயன்படுகிறது என்று மூன்றே கேள்வி. டெல்ஃபி 7-ல் உண்டான டி.சி.யூ.வை வேறு எந்தப் பதிப்பும் ஏற்காது. சோர்ஸ் இல்லாத காம்பொனென்ட் 40 ஃபார்மில் உட்கார்ந்திருந்தால் மாற்றத்தின் செலவில் பெரும்பகுதி அங்கேதான்.

இன்னொன்று: டெல்ஃபியின் லிப் ஃபோல்டரில் 'சிஸ்கான்ஸ்ட்' என்ற பெயரில் .பேக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 2009-ல் வெளிப்பட்ட இண்டக் வைரஸ் டெல்ஃபி 4 முதல் 7 வரை உள்ள கருவியையே தொற்றியது. அந்த மெஷினில் கம்பைல் ஆகும் ஒவ்வொரு மென்பொருளும் வைரஸோடுதான் வெளியே போகும்.

---

எழுத்தாணி பதில்:

மூன்றாவது பிரச்சினைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் டெல்ஃபி 7-ல் எழுதிய எந்த மென்பொருளையும் மாற்றும்போது உயிரெடுப்பது இதுதான். இதற்கு நேரம் ஒதுக்காமல் யாரும் விலைப்பட்டியல் பக்கம் போக வேண்டாம்.

விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி கோடுபேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்துக் குறியீட்டுப் பட்டியல்) என்று ஒன்று எப்போதுமே இல்லை. அரபிக்கு 1256 உண்டு, தாய்லாந்து மொழிக்கு 874 உண்டு. தமிழ் யூனிகோடில் மட்டுமே வந்தது. அதனால்தான் டெல்ஃபி 7-ன் எடிட் பாக்ஸில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகள் வருகின்றன, அதனால்தான் எல்லோரும் பாமினி, டேப், டேம், திஸ்கி என்று எழுத்துருக் குறியீட்டுக்குப் போனார்கள். உங்கள் டேபிளில் 'அம்மா' என்ற சொல் தமிழாக இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைக் குறிகளாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பாமினி எழுத்துரு இல்லாததால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. தப்பு வாட்ஸ்அப்பில் இல்லை.

புதிய டெல்ஃபிக்குப் போனாலும் இந்தத் தரவு தானாகத் தமிழாகாது. கம்பைலர் மாற்றம் வேறு, தரவு மாற்றம் வேறு. பாமினி முழுக்க கீழ் 128-க்குள் (ஆங்கில எழுத்துகளின் பைட் எண்களுக்குள்) இருப்பதால் புதிய பதிப்பில் அதே எழுத்துருவில் அப்படியே தெரியும். அது நல்லது, அவசரம் இல்லை. டேப், திஸ்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் ஆபத்து. மேல் 128 பைட்டுகள் ஆன்சியிலிருந்து யூனிகோடாக மாறும்போது அந்த மெஷினின் கோடுபேஜைப் பொறுத்து மாறும். விண்டோஸ் 10, 11-ல் 'உலக மொழிகளுக்கு யூ.டி.எஃப்.-8' என்ற பீட்டா டிக்கை யாராவது போட்டிருந்தால் பெயர்கள் மொத்தமாகச் சிதையும்.

பாமினியை யூனிகோடாக்கும்போது கவனிக்க வேண்டியவை: கொம்பு முன்னால் வரும். 'கொ' என்பது கொம்பு, க, கால் என்ற வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணை போதாது. நீளமான கூட்டை முதலில் தேடி மாற்றி, பிறகு குட்டையானதற்கு வர வேண்டும். 'கௌரி'யில் வரும் ஔகாரக் குறியின் பின்பாதியும் 'ள'வும் பாமினியில் ஒரே விசை. எந்த நிரலாலும் அதைப் பிரித்தறிய முடியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், டேபிளின் ஒரே காலத்தில் (நெடுவரிசையில்) தமிழும் ஆங்கிலமும் கலந்திருப்பது. டேபும் திஸ்கியும் இருமொழிக் குறியீடுகள். ஆங்கிலம் கீழ்ப்பாதியில் தனியே நிற்கும், பிரித்துவிடலாம். பாமினியில் இரண்டும் ஒரே பைட். 'எல்.இ.டி. பல்பு 9 வாட்' என்று ஆங்கிலத்தில் அடித்த சரக்குப் பெயரும் தமிழ்ப் பெயரும் டேபிளைப் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். எந்த ஃபார்மில் எந்த எழுத்துருவில் அடித்தது என்பது மட்டுமே அடையாளம். எனவே ஒவ்வொரு காலத்தையும் 'தமிழ்', 'ஆங்கிலம்', 'கலப்பு' என்று முதலில் குறியுங்கள். கலப்புக் காலத்துக்கு ஒரு சிறிய திரை எழுதி, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இரண்டையும் பக்கத்தில் காட்டி, கடைக்காரரையே டிக் போடச் சொல்லுங்கள். 3,000 சரக்கு இருந்தால் ஒரு பகல் வேலை. அவருக்குத்தான் சரக்கு தெரியும்.

அடுத்தது நீளம். 'அம்மா'வைக் கண் மூன்று எழுத்தாகப் பார்க்கிறது. புதிய டெல்ஃபியின் லென்த் 5 என்று சொல்லும். யூ.டி.எஃப்.-8-ல் 15 பைட். பில்லில் சரக்குப் பெயரை 20 எழுத்துக்கு வெட்டும் காப்பி ஃபங்ஷன் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எழுத்தின் நடுவில் வெட்டு விழும், 'கொ' என்பது வெறும் 'க' ஆகும். ஸ்பேஸ் போட்டுக் காலங்களை நேராக்கும் பழக்கம் யூனிகோடு தமிழுக்கு ஒத்தே வராது. எழுத்தின் அகலத்தை டெக்ஸ்ட்விட்த் கொண்டு அளந்து வரையுங்கள்.

அகர வரிசையையும் சொல்லிவிடுகிறேன். யூனிகோடின் வெறும் எண் வரிசைப்படி அடுக்கினால் 'ன' போய் 'ந'வுக்கு அடுத்து நிற்கும், 'ற' 'ர'வை ஒட்டி நிற்கும். வாடிக்கையாளர் பட்டியலைத் தமிழ் வரிசையில் தர விண்டோஸின் ஒப்பீட்டு ஃபங்ஷனைத் தமிழ் லொக்கேல் (மொழி அமைப்பு) 1097-ஓடு கூப்பிடுங்கள். இத்தனை வருடம் ஆங்கில விசை வரிசையில் பெயர் தேடிய கடைக்காரருக்கு இது பெரிய நிம்மதி.

---

கல்லாப்பெட்டி:

இருவருக்கும் மிக்க நன்றி. சுத்தமான மெஷின் சோதனை போய்க்கொண்டிருக்கிறது. யூசஸ் பட்டியல் எடுத்ததில் வெளிக் காம்பொனென்ட் ஏழு. ஐந்துக்குச் சோர்ஸ் இருக்கிறது. ஒரு பார்கோடு காம்பொனென்ட்டுக்கு டி.சி.யூ. மட்டும்தான், ஆனால் 3 ஃபார்மில்தான் வருகிறது. ஒரு கிரிட் காம்பொனென்ட்டுக்கும் சோர்ஸ் இல்லை, அது 31 ஃபார்மில் இருக்கிறது.

டேட்டாபேஸ் பக்கம் யாராவது சொல்லுங்கள். முதலில் கம்பைலரை மாற்றிவிட்டு, பி.டி.இ.யை அப்புறம் பார்க்கலாமா?

---

பூட்டுச்சாவி பதில்:

கூடாது. டேட்டாபேஸை முதலில் மாற்றுங்கள், அதுவும் டெல்ஃபி 7-லேயே இருந்துகொண்டு. இரண்டையும் சேர்த்து மாற்றினால், தப்பான தொகை வரும்போது ஸ்ட்ரிங் மாற்றமா எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸ் கேள்வி மொழி) மாற்றமா என்று தேடியே நாள் போகும்.

'டிஸ்க்கில் இடமில்லை' பிழைக்குக் காரணம்: பி.டி.இ. காலி இடத்தை 32-பிட்டில் கணக்கிடுகிறது. காலி இடம் 4 ஜி.பி.யின் முழு மடங்கை ஒட்டிச் சற்றே மேலே இருக்கும்போது, மீதி மட்டும் அதன் கண்ணில் படுகிறது. இடம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. 300 ஜி.பி. என்பது 4-ன் மடங்கு. இன்றைக்குச் சமாளிக்க, ஒரு பெரிய வெற்றுக் கோப்பை டிஸ்க்கில் போட்டு எண்ணை நகர்த்தினால் போதும்.

இண்டெக்ஸ் கெடுவது வேறு. பாரடாக்ஸில் சர்வர் என்று யாரும் இல்லை. எட்டு மெஷினும் ஒரே கோப்பை நேரடியாக எழுதுகின்றன. விண்டோஸ் தன் பக்கம் எழுத்தைத் தேக்கி வைக்கும்போது ஒரு மெஷின் பார்ப்பது பழைய பக்கமாக இருக்கும். எஸ்.எம்.பி. 1 (விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறை) காலத்தில் ஆப்லாக்கை (அந்தத் தேக்கத்துக்கு அனுமதி தரும் பூட்டை) ரெஜிஸ்ட்ரியில் அணைத்துத் தப்பித்தோம். எஸ்.எம்.பி. 2, 3-ல் அந்த வழி செல்லாது, விண்டோஸ் 10-ன் 1709-லிருந்து எஸ்.எம்.பி. 1 தானாக வருவதும் இல்லை. பி.டி.இ. அமைப்பில் லோக்கல்ஷேர் ட்ரூவா, நெட்டிர் (பூட்டுக் கோப்பு இருக்கும் ஃபோல்டர்) எல்லா மெஷினிலும் ஒரே பாதையா, அது சி டிரைவின் வேரில் இல்லாமல் எழுத அனுமதி உள்ள ஃபோல்டரா என்று மட்டும் இன்றே சரி பாருங்கள். இண்டெக்ஸ் கெடுவது குறையும், நிற்காது. இன்னொன்று, பி.டி.இ. 32-பிட் மட்டும். 64-பிட்டுக்கு எந்நாளும் வராது.

ஃபயர்பேர்டு என்ற டேட்டாபேஸ் சர்வருக்குப் போங்கள். அதோடு டெல்ஃபியை இணைக்கும் ஜியோஸ் லைப்ரரி இலவசம். டெல்ஃபி 7-லும் ஓடும், புதியதிலும் ஓடும். ஆகவே இங்கே எழுதும் கோடு அங்கேயும் செல்லும். டேட்டாபேஸை யூ.டி.எஃப்.-8 எழுத்துத் தொகுதியோடு உருவாக்குங்கள். உங்கள் பாமினி கீழ் 128-க்குள் இருப்பதால் இப்போதே அதில் குழப்பமின்றி உட்காரும். டேப், திஸ்கி வைத்திருப்பவர்கள் தற்காலிகமாக 'நன்' (எந்தக் குறியீடும் குறிக்காத) தொகுதியில் வைத்து, கம்பைலர் மாறிய பிறகு யூ.டி.எஃப்.-8-க்கு ஏற்றுவது நல்லது.

தரவை இழுக்க டெல்ஃபி 7-லேயே ஒரு சிறு நிரல்: டேபிளைத் திற, வரி வரியாகச் செலுத்து, 2,000 வரிக்கு ஒரு கமிட். முடிந்ததும் ஒவ்வொரு டேபிளிலும் வரி எண்ணிக்கை, ஒவ்வொரு தொகைக் காலத்தின் கூட்டு, மாதவாரியாக பில் கூட்டு ஆகியவற்றை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். ஒரு பைசா இடித்தாலும் மேலே போகாதீர்கள். ஆட்டோஇன்கிரிமென்ட் காலங்களுக்கு ஜெனரேட்டரை (அடுத்த எண் தரும் எண்ணியை) இருக்கும் பெரிய எண்ணுக்கு நகர்த்த மறந்தால் முதல் புது பில்லிலேயே சாவி மோதும். பாரடாக்ஸுக்கு வெற்றுச் சரமும் 'நல்' என்ற மதிப்பில்லா நிலையும் ஒன்று, ஃபயர்பேர்டுக்கு வேறு வேறு. ஜி.எஸ்.டி. எண் இல்லாத வாடிக்கையாளர்களை வடிகட்டும் உங்கள் க்வெரி எல்லாம் இதில்தான் தடுக்கி விழும். இழுக்கும்போதே வெற்றை 'நல்' ஆக்கிவிடுங்கள்.

மிகப் பெரிய வேலை இதில் எதுவும் இல்லை. டிடேபிளை (பி.டி.இ.யின் டேபிள் காம்பொனென்ட்) திறந்து, ஃபைண்ட்கீ, செட்ரேஞ்ச் என்று நடந்து போகும் கோடுதான். பாரடாக்ஸில் அது இண்டெக்ஸில் நேராகக் குதிக்கும். ஜியோஸின் டிசெட்டேபிளில் அப்படியே வைத்தால் டேபிள் முழுவதும் மெஷினுக்கு இழுக்கப்படும். இரண்டு லட்சம் பில் வரி இருக்கும் கடையில் திரை திறக்கவே தேநீர் குடித்து வரலாம். பில், பில் வரி, ஸ்டாக் லெட்ஜர் ஆகிய மூன்று டேபிளைத் தொடும் இடங்களை முதலில் நிபந்தனையுள்ள க்வெரியாக மாற்றுங்கள். சின்ன மாஸ்டர் டேபிள்கள் அப்படியே இருக்கட்டும்.

சர்வர் மெஷினில் கோப்பை நெட்வொர்க்கில் ஷேர் செய்ய வேண்டாம், 3050 போர்ட் திறந்தால் போதும். சர்வர் 64-பிட்டாக இருந்தாலும் உங்கள் மென்பொருளின் பக்கத்தில் 32-பிட் எஃப்பிகிளையன்ட் டி.எல்.எல்.தான் வைக்க வேண்டும். சர்வர் 3-ம் பதிப்போ மேலோ என்றால் டி.எல்.எல்.லும் அதே வரிசையில் இருக்கட்டும், பழையதை வைத்தால் லாகின் சரியாக இருந்தும் மறுக்கும். இரவு ஜிபேக் என்ற பேக்கப் கருவியை ஓட்டி, வாரம் ஒரு முறையாவது அந்தப் பேக்கப்பை வேறு பெயரில் ரிஸ்டோர் செய்து பாருங்கள்.

---

கட்டற்றவன் பதில்:

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாக. டெல்ஃபி கம்யூனிட்டி எடிஷன் இலவசம், ஆனால் ஆண்டு வருமானம் 5,000 டாலருக்குள் இருப்பவர்களுக்குத்தான். நாற்பது கடை வைத்திருக்கும் உங்களுக்குப் பொருந்தாது. அதில் கமாண்ட்லைன் கம்பைலரும் கிடையாது. புரொஃபெஷனல் வாங்கினால் அதனுடன் வரும் ஃபயர்டாக் (டேட்டாபேஸ் இணைப்பு லைப்ரரி) உள்மெஷின் டேட்டாபேஸுக்கு மட்டும். வேறு மெஷினில் உள்ள சர்வரைத் தொட எண்டர்பிரைஸ் வேண்டும். ஜியோஸில் போனால் இந்தத் தடை இல்லை, புரொஃபெஷனலே போதும். விலை வித்தியாசம் பெரியது, அதனால் டேட்டாபேஸ் முடிவுக்கு முன் லைசென்ஸ் வாங்காதீர்கள்.

டெல்ஃபியைப் போன்ற லாசரஸ் என்ற கருவியையும் ஒரு பார்வை பாருங்கள். கட்டற்ற மென்பொருள், உங்கள் கோடை மூடி விற்கவும் தடையில்லை. டெல்ஃபி ப்ராஜெக்டை மாற்றும் கருவி டூல்ஸ் மெனுவிலேயே இருக்கிறது. அங்கே ஸ்ட்ரிங் யூ.டி.எஃப்.-8, கேர் ஒரே பைட். ஸ்ட்ரிங்கைப் பைட் பெட்டியாகப் பயன்படுத்திய பழைய கோடு பெரும்பாலும் உடையாது. ஆனால் பி.டி.இ. இல்லை, குவிக்ரிப்போர்ட் இல்லை. 62 ஃபார்மோடு உள்ள ரிப்போர்ட்டுகளைத் திரும்ப வரைய வேண்டும் என்றால், லைசென்ஸில் மிச்சமாவது அந்த உழைப்பில் போய்விடும். ரிப்போர்ட் பதினைந்துக்குள் இருந்தால் லாசரஸ் என்றே சொல்லியிருப்பேன்.

---

அரைப்புள்ளி பதில்:

பூட்டுச்சாவி சொன்ன வரிசைதான் சரி. அந்தக் கிரிட் காம்பொனென்ட்தான் உங்கள் முடிவைத் தீர்மானிக்கும். சோர்ஸ் இல்லாமல் 31 ஃபார்ம் என்றால் அதை டெல்ஃபி 7-லேயே சாதா டிபிகிரிட்டுக்கோ சோர்ஸ் கிடைக்கும் வேறொன்றுக்கோ மாற்றத் தொடங்குங்கள். வாரம் மூன்று ஃபார்ம் வீதம், வழக்கமான அப்டேட்டோடு கடைகளுக்குப் போகட்டும். டேட்டாபேஸ் மாற்றமும் கடை கடையாகப் போகட்டும், முதலில் ஒரே மெஷின் உள்ள கடை.

அதே நேரத்தில் யூனிகோடுக்கான பாதி வேலையையும் பழைய கம்பைலரிலேயே முடித்துவிடலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை. டெல்ஃபி 7-லும் ஆன்சிஸ்ட்ரிங், ஆன்சிகேர் என்ற பெயர்கள் உண்டு, அங்கே அவை சாதா ஸ்ட்ரிங், கேருக்குச் சமம். எனவே பைட்டாகப் பயன்படும் இடங்களில் இப்போதே அப்பெயர்களை இட்டால் இங்கே எதுவும் மாறாது, அங்கே உடையாது. தேட வேண்டியவை ஃபில்கேர், மூவ், சைஸ்ஆஃப், பிகேர், கெட்மெம், ஸ்ட்ரீமில் ரீட், ரைட், பிறகு கோப்புக்கு எழுதும் பேக்ட் ரெக்கார்டுகள். 10 கேர் கொண்ட அரே புதிய பதிப்பில் 20 பைட். பழைய கோப்பைப் படிக்கும்போது அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் இடம் மாறும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு ரைட்பிரிண்டர் வழியாக எஸ்கேப் குறிகளோடு நேரடியாக அனுப்புகிறீர்கள் என்றால் அதுதான் முதலில் உடையும். பிகேரும் லென்தும் கொடுத்து அனுப்பும் அந்த வரி, புதிய பதிப்பில் ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் ஒரு சுழி பைட்டோடு பாதி தூரம் மட்டும் அனுப்பும். பில் பாதியில் நிற்கும். கம்பைலர் பிழை எதுவும் சொல்லாது.

கம்பைலர் தரும் எச்சரிக்கைகளில் டபிள்யூ1057, டபிள்யூ1058 இரண்டையும் கண்டிப்பாகப் பாருங்கள். 1058 என்றால் யூனிகோடிலிருந்து ஆன்சிக்கு இறங்குகிறது, அதாவது தமிழ் அங்கேதான் கேள்விக்குறியாகிறது. டபிள்யூ1050 வந்தால் கேர்இன்செட் போடுங்கள். ஸ்ட்ரிங்லிஸ்ட்டைக் கோப்பில் சேமிக்கும் இடங்களுக்கு எச்சரிக்கையே வராது. என்கோடிங் கொடுக்காவிட்டால் ஆன்சியாகச் சேமித்துத் தமிழை அழித்துவிடும். டி.எஃப்.எம்.மில் (ஃபார்ம் கோப்பில்) நிலையாக வைத்த டிஸ்ட்ரிங்ஃபீல்டுகள் யூ.டி.எஃப்.-8 டேபிளைத் திறக்கும்போது, ஸ்ட்ரிங் எதிர்பார்த்தேன் வைட்ஸ்ட்ரிங் வந்தது என்று மறுக்கும். டி.எஃப்.எம்.மிலும் பாஸ் கோப்பிலும் இரண்டிலும் டிவைட்ஸ்ட்ரிங்ஃபீல்டு என்று மாற்றுங்கள்.

64-பிட்டுக்கு இப்போது போகாதீர்கள். விண்டோஸ் 64-பிட் கம்பைலரில் எக்ஸ்டெண்டட் 10 பைட்டிலிருந்து 8 பைட்டாகச் சுருங்குகிறது. வரிக் கணக்கில் எங்காவது எக்ஸ்டெண்டட் இருந்தால் ரவுண்ட் ஆஃப் ஒரு பைசா நகரலாம். முதலில் பணம் தொடும் எல்லா வேரியபிளையும் கரன்சி வகையாக்குங்கள்.

புதிய டெல்ஃபியின் 30 நாள் ட்ரயலை இப்போது திறக்க வேண்டாம். கிரிட்டும் டேட்டாபேஸும் முடிந்து, ஏழு காம்பொனென்ட்டின் புதிய சோர்ஸும் கையில் வந்த பிறகு திறங்கள். முதல் வாரம் காம்பொனென்ட், இரண்டாம் வாரம் ஃபார்ம் இல்லாத யூனிட்கள், பிறகு ஃபார்ம்கள். இரண்டாம் வார முடிவில் எத்தனை பிழை மீதி, ஒன்றைச் சரி செய்ய எத்தனை நிமிடம் என்று எண்ணினால் பணம் கொடுக்கலாமா என்று தெரிந்துவிடும். மார்ச்சில் மட்டும் தொடங்காதீர்கள். வருடக் கணக்கு முடிக்கும் நேரத்தில் எந்தக் கடையும் பொறுத்துக்கொள்ளாது.

---

கல்லாப்பெட்டி:

புரிந்தது. இ-இன்வாய்ஸை வின்எச்டிடிபியில் உடனே, பிறகு கிரிட், ஃபயர்பேர்டு, கடைசியாகக் கம்பைலர் என்று வைத்துக்கொள்கிறோம். கூட்டாளியும் ஒப்புக்கொண்டார்.

ஒரு அவசரக் கேள்வி. லிப் ஃபோல்டரைப் பார்த்தேன். இரண்டு மெஷினில் ஒன்றில் சிஸ்கான்ஸ்ட் .பேக் இருக்கிறது. கடைகளுக்குப் போன அப்டேட் சில அந்த மெஷினில் கம்பைல் ஆனவை.

---

அரைப்புள்ளி பதில்:

அந்த மெஷினில் இனி எதையும் கம்பைல் செய்யாதீர்கள். டெல்ஃபியின் அசல் சி.டி.யிலிருந்து சுத்தமான மெஷினில் போட்ட சிஸ்கான்ஸ்ட் டி.சி.யூ.வோடு இதை பைட்டுக்கு பைட் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் தொற்று உறுதி. வைரஸ் அசலை .பேக் என்று பெயர் மாற்றிவிட்டுத் தன்னுடையதை அந்த இடத்தில் வைக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் டெல்ஃபி எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் வருகிறது. டெல்ஃபி இல்லாத கடை மெஷினில் அது பரவ வழியில்லை, பில் தரவைத் தொடுவதில்லை. ஆனால் ஆன்டிவைரஸ் என்றாவது ஒருநாள் உங்கள் இ.எக்ஸ்.இ.யைத் தூக்கிவிடும், கடை திறக்கும் நேரத்தில்.

சுத்தமான விர்ச்சுவல் மெஷினில் கம்பைல் ஆனதும் முதல் வேலையாக அதே பதிப்பை, எந்தப் புது மாற்றமும் சேர்க்காமல், நாற்பது கடைக்கும் அனுப்புங்கள். பழைய இன்ஸ்டாலர்கள், பென் டிரைவில் உள்ள பிரதிகள், டெல்ஃபியில் எழுதிய உங்கள் சின்னச் சின்னக் கருவிகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். அதில் ஒன்று சுத்தமான மெஷினில் ஓடினாலும் திரும்பத் தொற்றும். முடிந்ததும் அந்த விர்ச்சுவல் மெஷினை ஸ்னாப்ஷாட் எடுத்து, இனி கடைக்குப் போகும் எதையும் அதில் மட்டும் கம்பைல் செய்யுங்கள்.